உயிர் உண்டா, இல்லையா

எங்கள் உபதேசியார் வாழ்நாளில் எந்தப் பந்தயத்திலும் ஓடியவர் இல்லை. ஓடியிருந்தால் அந்தப் பிரசங்கத்தை அத்தனை தடவை செய்திருக்க மாட்டார்.

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறி வந்த குடும்பங்கள் நாங்கள். கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச். ஐயர் என்றால் பாதிரியார். ஐயருக்குப் பல எஸ்டேட்டுகள் இருந்ததால் எங்கள் பக்கம் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். அன்றைக்குத்தான் இராப்போஜனம், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற ஆராதனை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார், பிரசங்கம் செய்வார். எதை எடுத்து ஆரம்பித்தாலும் கடைசியில் ஓட்டப்பந்தயத்தில் கொண்டுவந்து விடுவார். விசுவாசியின் வாழ்க்கை ஓர் ஓட்டம். வழியில் விழுந்தவனுக்குப் பரிசு கிடையாது. கடைசிக் கோட்டைத் தொடுகிற வரைக்கும் ஜெயித்தோமா தோற்றோமா என்று எவனும் சொல்ல முடியாது. ஆகவே ஓடு, ஓடு, ஓடிக்கொண்டே இரு.

வேதத்தில் ஓட்டம் வருகிறது, எனக்கும் தெரியும். அதை எழுதியவர் ஒன்றை நினைத்து எழுதினார், இவர் வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார். சாதாரண நாளில் கேட்டால் தூக்கம் வரும். வீட்டில் ஒருவன் சாகக் கிடக்கும்போது கேட்டால் ஆத்திரம் வரும். எனக்கு வந்தது.

கிடந்தவன் என் அண்ணன். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற வேலை. சடுகுடுவில் எங்கள் டிவிஷனின் பெரிய ஆட்டக்காரன், குடியிலும் அப்படித்தான். கீழே தமிழ்நாட்டில் மறுபடி மதுவிலக்கு வந்ததும் போடிமெட்டில் கேரளப் பக்கத்துச் சாராயக் கடைக்குக் கீழேயிருந்து திருவிழாக் கூட்டம் போல ஆள் ஏறி வந்தது. அண்ணனுக்குப் புதுப்புதுக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். கோயிலில் முழங்கால் போட்டு, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணுவான். அப்பம் வாங்குவான். அடுத்த சம்பளம் வரைக்கும் சத்தியம் நிற்கும். இப்படிப் பல தடவை ஆன பிறகு, ஆண்டவரிடம் இதற்கு மேல் பொய் சொல்லக் கூடாது என்று இராப்போஜனத்துக்கு வருவதை நிறுத்தினான். குடியை நிறுத்தவில்லை.

குடியை நிறுத்தியது வயிறுதான். வீங்கிவிட்டது. கண் மஞ்சளாகிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பார்த்து, தேனிக்கு அனுப்பி, அங்கே கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். லயத்து வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டுக் கிடத்தினோம். பிள்ளைகள் இல்லை. மதினிதான் கொழுந்து பறிக்கப் போகாமல் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்.

நான் பேக்டரியில், கொழுந்து உருட்டுகிற ரோலர் அறையில் வேலை பார்த்தேன். வேலை முடிந்து நேரே அங்கேதான் போவேன். உட்கார்ந்ததும் அவன் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

"ஏல, நான் எங்க போவேன்?"

"கஞ்சியக் குடிண்ணே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் எங்க போவேன்?"

இது வலியில் பிதற்றுகிற பேச்சு இல்லை. வலி வந்தால் மதினியைக் கூப்பிடுவான், அல்லது கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டுவான். இந்தக் கேள்வியை மட்டும் மெதுவாக, முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பான். நரகம் என்ற சொல்லை அவன் வாயால் சொல்லவில்லை. பயம் கண்ணில் நின்றது. மலைச்சரிவில் உடும்பு பிடிக்கிற ஆள், காட்டுப்பன்றியைக் கவாத்துக் கத்தியோடு எதிர்த்து நின்ற ஆள். அவன் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். மழையென்றாலும் பனியென்றாலும் நோயாளி வீட்டுக்கு வருவதில் குறை வைக்க மாட்டார். ஜெபத்தை முடித்து அண்ணன் தோளில் கை வைத்து, "மிச்சமிருக்கிற ஓட்டத்தையாவது நல்லா ஓடிருப்பா, ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்றார்.

அவர் போன பிறகு அண்ணன் சொன்னான்: "எந்திரிச்சு ஒண்ணுக்குப் போவ முடியல. ஓடச் சொல்லுதாரு."

மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாகப் போகிறவனிடம் வந்து, நீ இன்னும் செய்ய வேண்டியது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிற மார்க்கம் என்ன மார்க்கம் என்று எனக்குள் எரிந்தது. நல்லது செய்தால் நல்ல இடம், கெட்டது செய்தால் கெட்ட இடம் என்பதற்கு ஒருவர் சிலுவையில் சாக வேண்டியதில்லை. அதை எங்கள் லயத்துக் கங்காணியே சொல்லிவிடுவார்.

அந்த வருடம் மே தினத்துக்குச் சங்கத்துக்காரர்கள் கூட்டம் போடவில்லை. அவசரநிலைக் காலம். மைக் கட்டிப் பேசக் கூடாது, பந்து விளையாடலாம். ஆகவே விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். சடுகுடுவுக்கு வெளியூரிலிருந்தும் ஓர் அணி வந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருவரின் மாமாவுக்கு எங்கள் பக்கம் ஏலத்தோட்டம் இருந்தது. அந்தச் சொந்தத்தில், உடுமலைப்பேட்டை வழியாக ஒரு லாரியில் ஏறி வந்துவிட்டார்கள். பேச்செல்லாம் கோயம்புத்தூர்ப் பேச்சு. வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே மனிதனைத் தூக்கித் தரையில் அடிக்கிற கூட்டம்.

இங்கேதான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம்.

சடுகுடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவன் எவனையாவது தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டால், தொடப்பட்டவன் செத்தான். போனவனை அங்கேயே அமுக்கிப் பிடித்துவிட்டால் போனவன் செத்தான். செத்தவன் வெளியே போய் உட்கார வேண்டும். இதுவரை எல்லா ஊரிலும் ஒன்றுதான். இதற்குப் பிறகுதான் ஊருக்கு ஊர் வேறு. எங்கள் ஆட்டத்தில் எதிரணியில் ஒருவன் செத்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆள் ஒருவனுக்கு உயிர் வரும். எழுந்து உள்ளே வந்து ஆடலாம். சில ஊர்களில் அது கிடையாது. செத்தவன் ஆட்டம் முடிகிற வரைக்கும் செத்தவன்தான். அதனால் வெளியூர் அணியோடு ஆடுவதற்கு முன்னால் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: உயிர் உண்டா, இல்லையா?

நாங்கள் கேட்கவில்லை. எஸ்டேட்டுக்குள்ளேயே ஆடி ஆடி, உலகம் முழுக்க உயிர் உண்டு என்று நினைத்துவிட்டோம்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் செத்து வெளியே போனான். அடுத்து நான் பாடிப் போய் ஒருவனைத் தொட்டு வந்தேன். வெளியே போனவன் எழுந்து துள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேப்டன், மீசை தடித்த ஆள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஏனுங்க, இவரு செத்துப் போனாருங்கல்ல?"

"ஆமா. இப்பம் உயிர் வந்துட்டு."

"எப்படீங்க வந்துச்சு?"

"நான் தொட்டுட்டு வந்தேம்லா. அதுல அவனுக்கு உயிரு."

"தொட்டது நீங்க. இவரு குந்தீட்டு இருந்தாரு. இவருக்கெப்படீங்க உயிரு வரும்? எங்கூர்ல செத்தாச் செத்ததுதானுங்க."

"எங்க ஊர்ல அப்படி இல்ல."

அவன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். "டேய், இவிங்கல்லாம் வேதக்காரங்கடா. செத்தவன் எந்திரிச்சு வாரது இவிங்களுக்குப் பழக்கமாட்ட இருக்குது!"

மைதானமே சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நடுவராக நின்ற மலையாளிச் சங்கச் செயலாளருக்குக் கால்பந்து மட்டும்தான் தெரியும். "ஜீவன் உண்டோ இல்லயோ, நிங்ஙள் தன்னே தீருமானிச்சோ" என்று எங்கள் தலையிலேயே போட்டுவிட்டு பீடி பற்றவைத்தார். கடைசியில் ஓர் ஆட்டம் அவர்கள் முறைப்படி, ஓர் ஆட்டம் எங்கள் முறைப்படி என்று முடிவாயிற்று.

முதல் ஆட்டம் உயிர் இல்லாத ஆட்டம். அதைப் போல ஒரு கேவலமான ஆட்டத்தை நான் ஆடியதில்லை. இரண்டு அணியும் கடைக்கோட்டில் போய் ஒட்டிக்கொண்டன. பாடிப் போகிறவன் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று நாலு தடவை கையை வீசிவிட்டுத் திரும்பிவிடுவான். செத்தால் போச்சு என்ற நினைப்பு எல்லோருக்கும். ஒருவன் மாட்டிக்கொண்டால் மற்றவன் அவன் பக்கத்தில் போக மாட்டான், தானும் போய்விடுவோமே என்று. கூட்டத்திலிருந்து, "கோட்டுக்குக் காவலா நிக்கியளா? போய் வெளையாடுங்கல!" என்று கத்தினார்கள். தோற்றோம்.

இரண்டாவது ஆட்டம் உயிர் உள்ள ஆட்டம். அதே ஆட்கள்தான், கொழிஞ்சாம்பாறைக்காரர்களும் அதே ஆட்கள்தான். ஆட்டம் மட்டும் மாறிவிட்டது. அந்த மீசைக்காரன் கடைக்கோடு வரைக்கும் பாய்ந்து வந்தான். நான் அவன் காலைப் பிடிக்கப் போய், நழுவவிட்டு, செத்து வெளியே போனேன்.

வெளியே உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியான இருப்பு. ஒன்றும் செய்வதற்கில்லை. கத்தலாம், அதனால் பயனில்லை. நான் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் செத்து உட்கார்ந்திருந்தவனுக்கு உயிர் வந்தது. போனான். பிறகு எங்கள் அணியிலேயே சுமாரான ஆட்டக்காரன் ஒருவன் பாடிப் போனான். மாறுகண் உள்ளவன். அவன் எவனைப் பார்க்கிறான் என்று எதிரிக்குத் தெரியாது. நாலு பேர் நடுவே புகுந்து, ஒருவனைத் தொட்டு, சட்டை கிழிந்து, மூக்கில் ரத்தத்தோடு நடுக்கோட்டில் வந்து விழுந்தான். "உயிர்!" என்று கத்தினார்கள். என் முறை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனேன்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம், நூலிழையில். கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் நல்ல ஆட்டக்காரர்கள்.

சாயங்காலம் அண்ணனிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். கேப்டன் சொன்னதைச் சொன்னபோது பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டு, முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வேறு கேள்வி வந்தது.

"நீ வெளிய உக்காந்திருக்கும்போது என்னல செஞ்ச?"

"என்ன செய்ய? வெத்தல போட்டேன்."

"ஜெபம் கிபம்?"

"சடுகுடுக்கு எவம்ண்ணே ஜெபம் பண்ணுவான்?"

"உயிர் வந்தப்பம், நீ ஏன் மீசைக்காரன் கால நழுவ விட்டன்னு எவனும் கேட்டானா?"

"கேக்கல. ஏறுல உள்ளன்னான். போனேன்."

"உனக்கு முன்ன ஒருத்தன் போனாம்லா? அவன் ஒன்னய விட நல்லா ஆடினவனா?"

"இல்ல. எனக்கு முந்திச் செத்தவன். முந்திச் செத்தவன் முந்தி வருவான், அதான் முறை. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான். "தெரியும். இத்தன வருசம் ஆடியிருக்கேன்." மதினி கஞ்சி கொண்டுவந்தாள்.

அடுத்த தடவை உபதேசியார் வந்தபோது நானும் இருந்தேன். அவர் வேதத்தைத் திறப்பதற்கு முன்பே அண்ணன் தலையணையில் கையூன்றிக் கொஞ்சம் எழுந்தான்.

"உபதேசியாரே, ஒண்ணு கேக்கணும். ஆண்டவர் மரணத்துக்குள்ள போனாரு. திரும்பி வந்தாரா, வரலியா?"

"என்னப்பா இப்படிக் கேக்க? உயிர்த்தெழுந்தாருன்னு ஞாயித்துக்கிழமதோறும் சொல்லுதோமே."

"கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டாரு, அப்படித்தான? நடுவுல மாட்டிக்கிடல?"

"வந்துட்டாரு."

"சரி. நான் செத்து வெளிய உக்காந்திருக்கவன். அதுல சந்தேகமே இல்ல, ஊருக்கே தெரியும். இப்பம் சொல்லுங்க. எனக்கு உயிர் உண்டா, இல்லியா?"

உபதேசியார் என்னைப் பார்த்தார். சடுகுடு அவருக்கும் தெரியும், எங்கள் பக்கம் தெரியாதவர் எவர்? கேள்வி புரிந்துவிட்டது, பதில் சொல்லத்தான் பயம்.

"அத அப்படி லேசாச் சொல்லிர முடியாதுப்பா. உண்டு, நிச்சயம் உண்டுன்னு சொல்லிட்டா ஜனம் கெட்டுப் போவும். என்ன செஞ்சாலும் உயிர் வந்துரும்னு அவனவன் இஷ்டத்துக்கு ஆடுவான்."

இதற்குத்தான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உபதேசியாரே, மே தினத்துக்கு நீங்க மைதானத்துக்கு வரல. வந்திருக்கணும். உயிர் இல்லன்னு ஆடின ஆட்டத்துல எவன் ஒழுங்கா ஆடினான்? அத்தன பயலும் தன் உடம்பக் காப்பாத்திக்கிட்டுப் பின்னால பதுங்கினான். உயிர் உண்டுன்னு தெரிஞ்ச ஆட்டத்துலதான் மூக்கு ஒடஞ்சாலும் பரவால்லன்னு உள்ள போனான். நீங்க இத்தன வருசமா எங்கள பயமுறுத்தி ஆட வச்சியளே, எங்க அண்ணன் குடிய விட்டானா? இல்ல. கோயிலத்தான் விட்டான். கடைக்கோட்டுல போயி ஒட்டிக்கிட்டான்."

"தம்பி, சத்தம் போடாத."

"சத்தம் போடத்தான் செய்வேன். சாகுதவன் கேக்கான். ஆமா, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்களுக்காவது உண்டா? இன்னைக்கு ராத்திரி நீங்க செத்தா எங்க போவிய?"

கேட்டிருக்கக் கூடாது என்று ஒரு நிமிடமும் நான் நினைத்ததில்லை. இப்போதும் நினைக்கவில்லை. உபதேசியார் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்கே தெரியலப்பா. நல்லபடியா முடிப்பேனான்னு ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டுத்தான் படுக்கேன்."

இந்த மனிதர் எங்களை ஏமாற்றவில்லை. தன்னிடம் இருந்ததைத்தான் எங்களுக்குக் கொடுத்தார். அவரிடம் இருந்தது பயம்.

அண்ணன்தான் பேசினான். "கிட்ட வந்து உக்காருங்க உபதேசியாரே" என்றான். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். "நீங்க உள்ள நின்னு ஆடுதோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கிய, அதான் பயம். எங்கூட வெளிய வந்து உக்காந்துருங்க. வெளிய உக்காந்தவனுக்குத்தான் உயிரு." சிரிக்காமல் சொன்னான். உபதேசியார் எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பிரசங்கம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொன்னார்கள். மதினி வாசற்படியில் நின்று சொன்னாள். நான் சொல்லவில்லை, எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஐயர் வருகிற ஞாயிறு வந்தது. கோயிலில் ஆராதனை முடிந்ததும் உபதேசியாரே ஐயரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அண்ணன் இராப்போஜனம் கேட்டிருந்தான். மதினி சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தாள். ஐயர் பாத்திரத்தை எடுத்ததும் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஐயா, இதுல போதை இருக்கா?"

"திராட்சரசம்தாம்மா."

"அதத்தான் கேக்கேன். நாக்குல பட்டா மறுபடி கேப்பாவ. நான் எங்க போவேன்?"

ஐயர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு என் மரியாதை. அப்பத்தை ரசத்தில் லேசாகத் தொட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். அண்ணன் மதினியைப் பார்த்து, "தள்ளி நில்லுடி, எனக்கு உள்ளது எனக்கு வரட்டும்" என்றான். வழக்கமாக அந்த இடத்தில் சத்தியம் பண்ணுவான். இந்தத் தடவை ஒரு சத்தியமும் பண்ணவில்லை. வாயைத் திறந்தான், வாங்கிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை, மதினி துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேலை முடிந்து போய் உட்கார்ந்தால், மழை எப்போது பிடிக்கும், ரோலர் அறைக்குப் புது ஆள் யார், மாறுகண்ணனின் மூக்கு ஆறியதா என்று கேட்பான். வலி குறையவில்லை. திட்டுவதும் குறையவில்லை. ஓர் ஆள் திருந்திப் புனிதனாகிவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய். மதினி வராமல் தாமதமானால் கிண்ணத்தைத் தூக்கி எறிவான். எறிந்துவிட்டு, "நான் எறிஞ்சது தப்பு" என்று அவளிடம் சொல்வான். இந்த இரண்டாவது பேச்சு மட்டும் புதிது.

மழை பிடித்த பிறகு ஒரு முற்பகலில், நான் பேக்டரியில் இருந்தபோது செத்தான். ஆள் வந்து சொல்லி ஓடினேன். வீட்டில் கோயில் பெண்கள் மதினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விசுவாசி செத்தால் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்பார்கள். வெளிச்சம் தெரியுது, தூதர் நிக்காங்க என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஆள் எங்கே போனான் என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

"கடைசியா என்ன சொன்னாவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

மதினி கொஞ்சம் யோசித்தாள். "கஞ்சியில உப்பு கம்மின்னு சொன்னாவ" என்றாள். "போட்டுக் கொண்டாரதுக்குள்ள போயிட்டாவ."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி உச்சுக்கொட்டினாள். பாவம், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டானே என்ற அர்த்தம். அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. மாதக்கணக்காக முகட்டைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசியில் கேட்க ஒன்றுமில்லாமல் உப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு அது போதும். நான் உள்ளே போய், அவன் தாடையைக் கட்டுவதற்குத் துணி தேடினேன்.